கைப்பைக்குப் பத்தியம்

பாலாற்றங்கரையில் தோலை நம்பிப் பிழைக்கிற ஊர் ஒன்றில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாம் மாடியில், பூபாலன் என்பவர் துடைத்து வைத்திருந்த பழைய கைப்பையின் கீறல் ஒரு நாள் தானாகவே ஆறிப்போனது. அதைக் கேட்டு அந்தக் குடியிருப்பில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அங்கே தோல் என்பது கடையில் தொங்குகிற சாமான் அல்ல, பக்கத்துத் தெருவில் ஊறி, அடுத்த தெருவில் காய்ந்து, எதிர் வீட்டுக்காரர் கையில் சாயம் ஏறி வருகிற ஒன்று. அது ஒரு காலத்தில் ஏதோ ஓர் உடம்பின் மேல் இருந்தது என்பதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூபாலன் ஷூ கம்பெனியில் பாலிஷ் பிரிவில் இருந்தவர், அதை விட்டபிறகு வீட்டிலேயே பழைய கைப்பைகளைச் சுத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போன காலத்தில் வைத்திருந்தது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, மாமியார் பீரோவில் கிடந்து பூசணம் பூத்தது என்று வெளியூர்க்காரர்கள் கூரியரில் அனுப்பிய பைகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளே தட்டி, தூசியை மெத்தென்ற பிரஷ்ஷால் எடுத்து, பூசணத்தை வினிகர் கலந்த தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி, சோப்பு நுரையை மட்டும் தொட்டுத் துடைத்து, நாற்றம் போக சோடா உப்பை ஒரு துணி முடிச்சில் கட்டி வயிற்றுக்குள் வைத்து, வடிவம் குலையாமல் இருக்கப் பழைய பருத்திப் புடவையைச் சுருட்டித் திணித்து, வெயில் படாத மூலையில் ஃபேன் காற்றில் ஆறப்போடுவார். நியூஸ் பேப்பர் திணித்தால் மை ஒட்டும் என்பதால்தான் புடவை. அந்தப் புடவைகள் அவர் மனைவி கோகிலாவுடையவை என்பதும், அவள் போன பிறகு அவற்றுக்கு வேறு உபயோகம் இல்லை என்பதும் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும், அதை அவர்கள் பேசுவதில்லை.

கோகிலா போனதிலிருந்து பூபாலனுக்கு எதுவும் உறைக்கவில்லை. கொதிக்கிற டீயை அப்படியே குடிப்பார், ஊசிப்போன சாம்பாரையும் அப்படியே சாப்பிடுவார், வாசலில் கல்யாண ஊர்வலம் போனாலும் சாவு ஊர்வலம் போனாலும் அதே முகத்தோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரல் நுனியிலும் உணர்வு மட்டு. தோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கைப்பையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சுவது மாதிரி இருக்கும், அவருக்கு அது வெறும் வேலை.

ஆகவே பாண்டிச்சேரியிலிருந்து வந்த அந்த அரக்கு நிறப் பையில், எவர் வீட்டுப் பூனையோ பிறாண்டி வைத்திருந்த கோடுகளின் மேல், காலையில் எழுந்து பார்த்தபோது கருஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருந்ததையும், மறுநாள் அந்தப் பொருக்கு உதிர்ந்து, அடியில் வெளிர் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்ததையும் பூபாலன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்ததைப் பெருக்கி முறத்தில் அள்ளினார். கீழ்வீட்டில் ஜாக்கெட் தைக்கும் ஷமீமா, ரசக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தது அந்த நேரத்தில்தான்.

"இன்னாண்ணா அது, பொருக்கையா பெருக்கறீங்க?"

"பை ஆறிடிச்சும்மா."

"எந்தப் பை?"

அவர் காட்டினார். ஷமீமா கிண்ணத்தை வைத்துவிட்டு, பையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஆறியிருக்குது. தேங்காண்ணெ தடவினீங்களா?"

"இல்ல."

"தடவுங்க. இல்லாட்டி அரிக்கும்."

அவ்வளவுதான் அவளுடைய ஆச்சரியம். கீழே போனவள் பிள்ளைகளின் அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பூபாலன் வீட்டு பால்கனிக் கம்பியில் மாட்டினாள். அது ஆறியது. பிறகு அந்தக் கம்பியில் இடம் கிடைப்பது ரேஷன் கடை வரிசையில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டமாகிப்போனது. பெல்ட்டுகள் வந்தன, மணிபர்ஸ்கள் வந்தன, தையல் விட்ட கிரிக்கெட் பந்து ஒன்று வந்து தன்னைத் தானே மூடிக்கொண்டது, பஜனைக்காரர்களின் ஆர்மோனியம் வந்து, பொத்தலாகிக் கிடந்த துருத்தி ஆறி, யாரும் தொடாமலே ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு பெரியவர் தன் வெடித்த குதிகாலையும் கம்பியில் வைத்துப் பார்த்தார். அது ஆறவில்லை, அவர் பிடிமானம் இல்லாமல் விழப் பார்த்ததுதான் மிச்சம். உயிரோடு இருக்கிற தோலுக்கு அது செல்லாது என்று அப்போது தெரிந்தது, அதையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

தோல் மாதிரியே இருக்கிற ரெக்சினுக்கும் அது செல்லவில்லை. அதில்தான் வம்பு வந்தது. மூன்றாம் மாடி தயாநிதி, நிச்சயதார்த்தத்தின்போது ஒரிஜினல் லெதர் என்று சொல்லி மனைவி கஸ்தூரிக்கு வாங்கித் தந்த கைப்பையை அவள் பெருமையோடு கொண்டுவந்து மாட்ட, இரு பக்கமும் தொங்கிய செருப்புகள் எல்லாம் பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டிருக்க, நடுவே அது மட்டும் உரிந்த இடத்தில் வெள்ளைத் துணி தெரிய அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கஸ்தூரி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு படியேறும்போது, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "பை மட்டுமா ரெக்சின், அந்த வீட்டு சனம் மொத்தமும் ரெக்சின்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குத் தயாநிதி ஓட்டலில் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பத்தியம் வந்தது. யாரோ ஒருவரின் செருப்பு, பாதி ஆறிய நிலையில், திடீரென்று சிவந்து வீங்கித் தண்ணீர் விட ஆரம்பித்தது. ஷமீமா விசாரித்துப் பார்த்ததில், செருப்புக்காரர் முந்தின நாள் வத்தக்குழம்பில் கத்திரிக்காய் சாப்பிட்டது தெரிந்தது. ஆறுகிற புண்ணுக்குக் கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்பது அந்தக் குடியிருப்பில் சாதி மதம் பார்க்காத சட்டம். அம்மை போட்டவருக்கும், ஆபரேஷன் ஆனவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் சொல்வதை இப்போது செருப்புக்கும் சொன்னார்கள். ஷமீமா வீடு வீடாகப் போய், கம்பியில் சாமான் தொங்குகிறவரை யாரும் அந்த இரண்டையும் அடுப்பில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். முள்ளுக் கத்திரிக்காய் வண்டி தள்ளிக்கொண்டு வரும் மணவாளன், "கத்திரிக்கா மேல உங்களுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, வெண்டைக்காய்க்கு மாறினார். முதல் மாடியில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லை. அந்த ஊரில் அது சும்மா விடக்கூடிய குற்றம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார்கள், பால்கனியைக் காட்டிக் காரணம் சொன்னதும் உட்கார்ந்து தயிர்ப்பச்சடியோடு சாப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பூபாலன் தன்பாட்டுக்குப் பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே அந்த வேலையும் குறைந்தது, பாதியைப் பைகளே செய்துகொண்டன. அவருக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு நாள் பித்தளைக் கொக்கி ஒன்றைத் தேய்க்கத் துணி வேண்டிப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் கோகிலாவின் பை இருந்தது. அதைப் பார்த்தவர் துணியை மறந்து நின்றுவிட்டார்.

அது காபி நிறத் தோள்பை. ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த தோலில், கம்பெனி நண்பர்கள் தைத்துக் கொடுத்தது. டிபன் பாக்ஸும் குடையும் வைத்துக்கொண்டு அவள் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்வந்த பை. பைபாஸ் ரோட்டைக் கடக்கும்போது லாரி உரசியது. உரசியது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை, வளையல் உடையவில்லை, நெற்றிப் பொட்டுகூடக் கலையவில்லை. உள்ளே அடி என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த பையில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, வாய் திறந்த மாதிரி ஒரு கிழிசல் இருந்தது. ஊரார் பைகளையெல்லாம் சரிசெய்கிறவர் மனைவி பையை ஏன் அப்படியே வைத்திருக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. மனசு வரவில்லை போலும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். அது அப்படி இல்லை. அவளுக்கு அப்படி ஒன்று நடந்தது என்பதற்கு அவர் கண்ணால் பார்க்கக்கூடியதாக உலகத்தில் இருந்தது அந்தக் கிழிசல் ஒன்றுதான்.

இப்போது அது இரண்டு முனையிலும் கூடிக்கொண்டு வந்திருந்தது. ஒரு சாண் இருந்தது ஒரு விரல் நீளம்தான் பாக்கி. நடுவில் பொருக்குத் தட்டியிருந்தது. முழுக்க மூடிவிட்டால் பை பழையபடி ஆகிவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும், ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அவள் எங்கே? பூபாலனுக்கு அழுகை வரவில்லை. பையை எடுத்து, பாக்கியிருந்த நீளத்தை விரல் வைத்து அளந்து பார்த்தார்.

பையைக் குடியாத்தத்தில் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். போய்ப் பார்த்தபோது அங்கேயும் கிழிசல் கொஞ்சம் மூடியிருந்தது. திரும்பக் கொண்டுவந்து, பொருக்கை நகத்தால் பெயர்த்தார். அடியில் ஈரமாக இருந்தது. மறுநாள் புதுப் பொருக்கு. அதையும் பெயர்த்தார். இப்படியே தினமும் காலையில் பல் விளக்கியதும் பீரோவைத் திறந்து பெயர்ப்பதும், மறுநாள் அது திரும்ப மூடுவதும், பெயர்ப்பதற்கு இருக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்குவதுமாகப் போனது. ஒருமுறை தோல் சீவும் கத்தியை எடுத்து, பழைய நீளத்துக்கே வெட்டிவிடலாம் என்று வைத்துக்கூடப் பார்த்தார். கை போகவில்லை. புதிதாக வெட்டினால் அது தன்னுடைய வெட்டு, அவளுக்கு நேர்ந்தது அல்ல என்று தோன்றியது. கத்தியை உறைக்குள் போட்டார்.

அப்புறம்தான் அவருக்குப் பத்தியம் ஞாபகம் வந்தது.

தெருமுனையில் மணவாளன் வெண்டைக்காய்க்கு அடியில் இன்னும் கொஞ்சம் கத்திரிக்காயை, பிரிய மனசில்லாமல், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். பூபாலன் கேட்டதும் மனுஷன் கண் கலங்கிவிட்டார். "யாருக்கும் சொல்ல மாட்டேன், எடுத்துக்கினு போங்க" என்று துணிப்பையை நிரப்பினார். பூபாலன் நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கோகிலா வைக்கிற குழம்பை வைத்தார். அவள் கருவாட்டை ஒரே தண்ணீரில் அலசிப் போடுவாள், ரொம்பக் கழுவினால் ருசி போய்விடும் என்பாள், குழம்பு கரிக்கும். இவர் முதல் வாயிலேயே "உப்பு கூட" என்பார். அவள் அடுப்படியிலிருந்தே, தலையைக்கூடத் திருப்பாமல், "அப்ப தண்ணி ஊத்திக்க" என்பாள். இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் அந்தக் குழம்புக்கு நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் அதுதான். இப்போது இவரும் ஒரே தண்ணீரில் அலசினார், குழம்பிலும் கைக்கு வந்த அளவு உப்பைப் போட்டார், தட்டில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். வாயில் ஒன்றும் தெரியவில்லை. வைக்கோலைத் தின்றிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆனால் பைக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் கிழிசலின் விளிம்பு சிவந்து, தடித்து, கொஞ்சம் திறந்திருந்தது. பூபாலன் அன்றைக்கும் அதே குழம்பு வைத்தார், அதற்கு அடுத்த நாளும்.

கருவாட்டு வாசனைக்குக் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்? அது படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுத் தையல் மெஷினைத் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போனது. பால்கனிக் கம்பியில் தொங்கியதெல்லாம் அரித்தது. ஆறிய செருப்புகள் தண்ணீர் விட்டன, பெல்ட்டுகள் தடித்தன, கிரிக்கெட் பந்து ஒரு பக்கம் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆனது, முதல் மாடியில் பஜனைக்காரர்களின் ஆர்மோனியம் இருமியது. நான்காவது நாள் மத்தியானம் ஷமீமா முன்னால் வர, கஸ்தூரி, தயாநிதி, இன்னும் படி கொள்ளாத ஜனம் பின்னால் வர, எல்லாரும் பூபாலன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் குழம்புக் கையோடு திறந்தார்.

"ஏண்ணா, ஊரே வாயைக் கட்டிக்கினு கீது. உங்க வூட்லயேவா?" என்றாள் ஷமீமா.

பூபாலன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பீரோவைத் திறந்து, பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அவ ஒடம்புல ஒரு கீறல் இல்லம்மா. பொட்டுகூடக் கலையல. பட்டது இதுல மட்டும்தான். இதுவும் மூடிக்கிச்சின்னா, அவளுக்கு ஆனதுன்னு காட்ட எங்கிட்ட இன்னா இருக்குது? அதான் சாப்பிட்டேன்."

கரண்ட் மீட்டரைப் பார்த்து அளவு சொல்கிறவர் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். ஷமீமா அந்தச் சிவந்த விளிம்பைப் பார்த்தாள், தொடவில்லை. பையைத் திரும்ப அவர் கையில் வைத்துவிட்டு, நேராகப் பால்கனிக்குப் போய்த் தன் பிள்ளைகளின் செருப்பைக் கம்பியிலிருந்து கழற்றினாள்.

"அவங்கவங்க சாமானை எடுத்துக்கினு போங்க" என்றாள்.

"என் பெல்ட்டு பாதிதாங்க ஆறியிருக்கு" என்றார் தயாநிதி.

"முனையில செருப்பு தைக்கறவரு இன்னும் உயிரோடதான் கீறாரு. அவர்கிட்ட போ."

கஸ்தூரி புருஷன் பெல்ட்டைத் தானே கழற்றி அவர் தோளில் போட்டு, "நடங்க" என்றாள். கம்பி காலியானது. ஆர்மோனியத்தை, இனி வாசனை படாமல் இருக்கட்டும் என்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குடியிருப்பை விட்டே வெளியே எடுத்துப் போனார்கள். அன்று சாயங்காலமே குடியிருப்பில் கத்திரிக்காய் வதங்கியது. பூபாலன் ஒருத்தர் சாப்பிட்டால் போதுமா, போதாதா என்று யாருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வீட்டிலும் சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் ஒரு வீட்டிலிருந்து வந்தது, கொத்சு இன்னொரு வீட்டிலிருந்து வந்தது, மணவாளன் ஒரு கூறு கத்திரிக்காயை இலவசமாகக் கொடுத்தனுப்பினார், கஸ்தூரி பிறந்த வீட்டிலிருந்து வந்த கருவாட்டை அந்த ரெக்சின் பையிலேயே போட்டு எடுத்துவந்து கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போனாள். அடுத்தவர் புண் ஆறட்டும் என்று பத்தியம் இருந்த அதே ஜனம், அடுத்தவர் புண் ஆறாமல் இருக்கட்டும் என்று வயிறு உப்ப உப்பச் சாப்பிட்டது. யாருக்காவது அது விநோதமாகப் பட்டிருந்தால் வெளியே சொல்லவில்லை.

பூபாலன் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார், நன்றி என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. தினமும் குழம்பு வைத்தார், தினமும் சாப்பிட்டார், காலையில் பொருக்குப் பெயர்த்தார். கிழிசல் மறுபடி ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்து, அப்படியே இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கஸ்தூரி கொடுத்த கருவாட்டின் கடைசிப் பிடியைப் போட்டு வைத்த குழம்பைத் தட்டில் ஊற்றி, பிசைந்து, ஜன்னலைப் பார்த்தபடி முதல் வாயை வைத்தவர், மெல்லுவதை நிறுத்தினார். நாக்கின் ஓரம் சுரீரென்றது. தொண்டை கரித்தது.

"உப்பு கூட" என்றார்.

சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல் அடுப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை ஜன்னல் தகரத்தில் விழுந்தது. கீழே ஷமீமாவின் மெஷின் ஓடி நின்றது. அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. இத்தனை நாளும் இதே உப்புதான், இதே கரிப்புதான், அது இன்றைக்குத்தான் நாக்குக்கு வந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்பதும் கூடவே வந்துவிட்டது. கோகிலா செத்துப்போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டு, போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு, காரியத்தன்று ஐயர் வாயால் கேட்டும் உள்ளே போகாத சங்கதி, ஒரு வாய் குழம்போடு உள்ளே போனது. பூபாலன் எச்சில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பெரிய சத்தம் போட்டு அழுதார். கீழே மெஷின் மறுபடி ஓடவில்லை.

அழுகை ஓய்ந்ததும் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். காலையில்கூடத் திறந்திருந்த கிழிசல் மூடியிருந்தது. ஆனால் மற்றப் பைகளைப் போல மழமழவென்று மூடவில்லை. நாள் தவறாமல் பெயர்த்துப் பெயர்த்து வைத்த புண் ஆயிற்றே, ஒரு சாண் நீளத்துக்கு, முனைக்கு முனை, கயிறு திரித்து வைத்த மாதிரி மேடாகத் தழும்பு ஓடியிருந்தது. எந்த மெழுகுக்கும் எந்தச் சாயத்துக்கும் மசியாத தழும்பு. கன்னத்தில் வைத்துப் பார்க்கப் பையைத் தூக்கியவர், வைக்காமல், விரலாலேயே அதைத் தடவினார். ஒவ்வொரு மேடும் விரலுக்குத் தெரிந்தது. குழம்பு எண்ணெய் தோலில் திட்டாக இறங்கியது. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அவர் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷமீமா வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கொழம்புல உப்பு கூட."

அவள் அவர் முகத்தையும், கையிலிருந்த பையையும் பார்த்தாள். பூபாலன் பையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய், குழம்புச் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்.